மஞ்சள் பிள்ளையாரும் சுவரில் ஒட்டிய வாழைப்பழமும்

2024 நவம்பரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிள்ளான் சித்தப்பா ஒரு படத்தைப் போட்டார். வெள்ளைச் சுவர், அதில் ஒரு வாழைப்பழம், பழத்தின் குறுக்கே சாம்பல் நிற ஒட்டுநாடா. நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் அது 62 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிருந்தது. நம் கணக்கில் 27 மில்லியன் மலேசிய வெள்ளிக்கும் மேல். படத்துக்குக் கீழே சித்தப்பா எழுதியிருந்தார்: "எங்கள் தாமான் முச்சந்தியில் பீசாங் கோரேங், அதாவது பொரித்த வாழைப்பழம், விற்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி எண்ணெய்ச் சட்டி வேண்டாம், ஒட்டுநாடா வாங்கினால் போதும்." அடுத்த வரி எனக்கு: "நீதான் கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றுகிறாயே, இதற்குப் பொருள் சொல் பார்ப்போம்."

(வாழைப்பழம் என்றதும் உங்களுக்கு எந்த நகைச்சுவைக் காட்சி நினைவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே விட்டுவிடுவோம். அந்தப் படைப்பின் பெயரே "காமெடியன்" என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

அன்று நான் நாலைந்து முறை பதில் எழுதி அழித்தேன். "இது கருத்துக்கலை, சித்தப்பா" என்று தொடங்கினாலே போதும், குழுவில் இருக்கும் பதினேழு பேரும் சிரிப்பு முகங்களை வரிசையாக அனுப்புவார்கள். உருப்படியான பதில் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. பொங்கலுக்கு முந்தின இரவு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், அம்மாவின் கையில்.

அம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் தூளைக் கொட்டினார். காலையில் ரசத்துக்குப் போட்ட அதே டப்பா, அதே தூள். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தார். மூன்று விரல்களால் கூம்பாகப் பிடித்தார். வெற்றிலையின் மேல் வைத்து, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம் இட்டு, உச்சியில் அறுகம்புல்லைச் செருகினார். மாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் என்னை அனுப்பிப் பறித்து வரச் சொன்ன புல் அது. அவ்வளவுதான், பிள்ளையார் வந்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன் மளிகைச் சாமானாக இருந்ததைத் தாண்டிக்கொண்டு இப்போது யாரும் கால் நீட்ட மாட்டார்கள்.

அந்தக் கூம்புக்குத் தும்பிக்கை கிடையாது, காது கிடையாது, தொந்தி கிடையாது. "சிற்பம் சரியாக வரவில்லையே" என்று இதுவரை யாரும் அம்மாவிடம் குறை சொன்னதில்லை. பிடித்த கையின் திறமையை யாரும் பார்ப்பதில்லை. என்ன நினைத்து, என்ன சொல்லி, எந்த முறைப்படி வைக்கிறோம் என்பதுதான் அதைப் பிள்ளையார் ஆக்குகிறது. பூசை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துத் துளசித் தொட்டியில் ஊற்றிவிடுவார் அம்மா. பத்திரப்படுத்த மாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டுமானால் புதிதாகப் பிடித்துக்கொள்ளலாம், முறை தெரியும் அல்லவா?

"பிடித்து வைத்தால் பிள்ளையார், வழித்து எறிந்தால் சாணி" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். சித்தப்பாவுக்கு நான் அனுப்பிய பதில் அந்தப் பழமொழிதான்.

அம்மாவிடம் இந்த ஒப்புமையைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பக்தியையும் ஏலத்தையும் ஒன்றாக்குகிறேன் என்று பொருளல்ல. பொருள் ஒன்று, அதன் மதிப்பு இன்னொன்று, இரண்டையும் இணைப்பவை நாம் சொல்லும் சொல்லும் வைக்கும் முறையும் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல என்பதுதான் என் பேச்சு.

கருத்துக்கலை என்றால்

ஆங்கிலத்தில் கான்செப்சுவல் ஆர்ட் என்பதைத் தமிழில் சிலர் கருத்தியல் கலை என்கிறார்கள், சிலர் கருத்துருக்கலை என்கிறார்கள். கருத்தியல் என்றால் அரசியல் கொள்கை என்ற பொருள் முந்திக்கொண்டு வருவதால் எனக்கு அது ஒத்துவருவதில்லை. கருத்துக்கலை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஓவியத்தில் வண்ணமும் கோடும் பிடித்த கையும் முக்கியம். கருத்துக்கலையில் எண்ணம்தான் படைப்பு. கண்ணெதிரே இருக்கும் பொருள் அந்த எண்ணம் வந்து உட்காரும் வெற்றிலை மாதிரி. பொருளை மாற்றலாம், அழிக்கலாம், வேறொருவர் செய்யலாம், சில நேரம் பொருளே இல்லாமலும் போகலாம். எண்ணம் போனால்தான் படைப்பு போகும்.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1917இல் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் நியூயார்க்கில், கடையில் வாங்கிய ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியில் "ஆர். மட்" என்று கையெழுத்திட்டு, "நீரூற்று" என்று பெயர் வைத்துக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்த அமைப்பு, அதை மட்டும் காட்சிக்கு வைக்கவில்லை. அந்தத் தொட்டி பிறகு காணாமல் போய்விட்டது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலத்தில் டுஷாம்பின் ஒப்புதலோடு செய்த பிரதிகள். மூலப்பொருள் தொலைந்தும் படைப்பு தொலையவில்லை.

இதற்கு முழு வடிவம் வந்தது 1960களில். அமெரிக்கரான சோல் லெவிட் 1968இலிருந்து சுவர் ஓவியங்கள் செய்தார். செய்தார் என்பதைவிட எழுதினார் என்பது பொருத்தம். சுவரில் எந்தத் திசையில் என்ன மாதிரிக் கோடுகள் இழுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதித் தருவார். இழுப்பவர்கள் உதவியாளர்கள். ஓவியத்தை வாங்கியவர் வீடு மாறினால் பழைய சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் புதுச் சுவரில் அதே குறிப்பைக் கொண்டு மறுபடி வரையலாம். லெவிட் 2007இல் காலமானார். அவருடைய சுவர் ஓவியங்கள் இன்றும் புதிது புதிதாக வரையப்படுகின்றன.

"15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை." மார்கழி மாதப் பத்திரிகைகளில் கோலப் பக்கத்தில் இந்த ஒற்றை வரியைப் பார்த்திருப்பீர்கள். நடுவரிசையில் பதினைந்து புள்ளி, அதன் இடுக்குகளில் பதினான்கு, பிறகு பதின்மூன்று, இப்படியே மேலும் கீழும் எட்டு வரும்வரை. அந்த வரியும் ஒரு சிறு படமும் இருந்தால் ஈப்போவில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே கோலத்தைப் போட்டுவிடலாம். தீபாவளிக்குக் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போடுகிறார்களே, திருநாள் முடிந்ததும் அந்த அரிசியைக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். கோலம் செத்துப்போயிற்று என்று யாரும் அழுவதில்லை. லெவிட்டின் ஏற்பாடு நம் வீட்டு வாசலுக்குத் தெரியாத ஒன்றல்ல.

வாழைப்பழத்துக்குத் திரும்புவோம்

சுவரில் பழத்தை ஒட்டியவர் மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியர். முதன்முதலில் 2019இல் மயாமியில் ஒரு கலைச் சந்தையில் வைத்தார். அப்போது விலை 1,20,000 டாலர். மொத்தம் மூன்று பிரதிகள், அவற்றுக்கு மேல் கலைஞர் தமக்கென வைத்துக்கொண்டவை இரண்டு. பழம் அழுகும், அப்புறம் என்ன பிரதி என்று கேட்கத் தோன்றும். வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி அன்பளிப்பாக வந்தபோது 14 பக்கக் குறிப்பும் சேர்ந்து வந்தது. தரையிலிருந்து 175 செண்டிமீட்டர் உயரம், ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை புதுப் பழம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கொலுப்படிக்குக்கூட அவ்வளவு பக்கத்தில் யாரும் முறை எழுதியதில்லை.

இதனால்தான் அந்தப் பழத்தைத் தின்றால் படைப்பைத் தின்றதாக ஆவதில்லை. 2023இல் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு மாணவர் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலை அதே ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டிவைத்தார். ஏன் என்று கேட்டதற்குக் காலையில் பசியாறவில்லை என்றார். அருங்காட்சியகம் அலட்டிக்கொள்ளாமல் வேறு பழம் ஒட்டியது. 2025இல் பிரான்சில் இன்னொரு பார்வையாளர் தின்றபோது, அவர் பழத்தைப் படைப்பு என்று எண்ணிவிட்டார், தோலையும் நாடாவையும் சேர்த்துத் தின்றிருக்க வேண்டாமா என்ற பொருள்படக் கட்டெலான் வருத்தப்பட்டார். 62 லட்சம் டாலருக்கு வாங்கிய ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ தொழிலதிபரும், வாங்கிய சில நாளில் ஹாங்காங்கில் செய்தியாளர்கள் முன்னால் தின்றார். சான்றிதழைத் தின்னவில்லை, அது பத்திரமாக இருக்கிறது.

பிள்ளையார் ஒப்புமை இந்த இடத்தில் என்னைக் கைவிடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மஞ்சள் பிள்ளையாரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். என் அம்மா பிடித்ததைவிட உங்கள் அம்மா பிடித்தது மாற்றுக் குறைந்தது அல்ல. வாழைப்பழம் அப்படியில்லை. சித்தப்பா தன் வீட்டுச் சுவரில் ஒட்டினால் அது சித்தப்பா ஒட்டிய பழம், அவ்வளவுதான். எண்ணம் எல்லாருக்கும் பொது, உரிமை மட்டும் மூன்று பேருக்கு. இந்த முரணில்தான் இன்றைய கலைச் சந்தையின் பெரும்பகுதி நடக்கிறது. பொருளை விற்பதுபோல எண்ணத்தை விற்க வேண்டுமென்றால் அதைக் காகிதத்தில் கட்டிப்போட வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நிலப்பத்திரம் மாதிரி. நிலம் கண்ணில் தெரியும், பத்திரம்தான் கைமாறும்.

என் கருத்தைக் கேட்டால், அந்தப் பழம் ஒரு நல்ல கேலி. ஆழமான படைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலத்தன்று ஒட்டிய பழத்தைச் சாலையோரக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். விற்றவர் வங்காளதேசத்திலிருந்து வந்த முதியவர். அது என்ன விலைக்குப் போயிற்று என்று செய்தியாளர் ஒருவர் போய்ச் சொன்னபோது அவர் அழுதாராம். எனக்கு அந்தக் கதையில் அவருடைய அழுகைதான் கனமாக இருக்கிறது. படைப்புக்குள் அதற்கு இடமில்லை.

1974, கோலாலம்பூர், பிற்பகல் மணி 2.46

வாழைப்பழத்தைப் பார்த்துக் கருத்துக்கலையை முடிவுகட்டினால் நாம் ஏமாந்துபோவோம். ஏனென்றால் இதன் மிக நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் ஊரிலேயே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

மலாய் மொழி வளர்ச்சிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் கட்டடத்தைப் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள், முகப்பில் பெரிய சுவரோவியம் இருக்குமே. அங்கே "எழுத்தாளர் மூலை" என்று ஒரு கூடம் இருந்தது. 1974 ஆகஸ்டில் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஏசா என்ற இரு கலைஞர்கள் அதில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தலைப்பை ஏறத்தாழ "மறைஞான மெய்ம்மையை நோக்கி" என்று தமிழில் சொல்லலாம். வந்தவர்கள் ஓவியங்களை எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே இருந்தவை: பலர் உட்கார்ந்து எழுந்துபோன ஒரு வெறும் நாற்காலி, பாதி குடித்த கொக்கோகோலா போத்தல்கள், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முடிவெட்டும் கடையில் அள்ளிய முடி, குப்பைமேட்டில் கிடைத்த மழைக்கோட்டு, கலைஞர்கள் இருவரும் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிச் செடி.

அப்புறம் ஒரு பறவைக் கூண்டு, கதவு திறந்து, காலியாக. அதன் தலைப்பு: "1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையை விடுவித்த பின் இருக்கும் வெற்றுக் கூண்டு".

இந்தத் தலைப்பைப் படிக்கும் முன் ஒருமுறை, படித்த பின் ஒருமுறை அந்தக் கூண்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் அது பழைய சாமான். பின்னால் அதற்குள் ஒரு பிற்பகல் வந்துவிடுகிறது. "ஒரு நாள் பறவையைத் திறந்துவிட்டோம்" என்று எழுதியிருந்தால் இது நடக்காது. திங்கட்கிழமை, 2.46 என்ற துல்லியம்தான் வேலை செய்கிறது. திங்கட்கிழமை பிற்பகல் என்றால் ஊரே வேலையில் இருக்கும், வெயில் தகிக்கும், மழைமேகம் இன்னும் திரண்டிருக்காது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். கதவைத் திறந்ததும் அது உடனே பறந்ததா, திறந்த கதவைப் புரிந்துகொள்ளாமல் கொஞ்ச நேரம் கம்பியில் உட்கார்ந்திருந்ததா? கூண்டு எதையும் சொல்வதில்லை. நாம்தான் அந்தப் பறவையைப் பறக்கவிட வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னும் நெருக்கமானது கொசுவத்திச் சுருள். "1974 மார்ச் 25 இரவு கொசுக்களை விரட்டப் பயன்பட்டு எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்கள்." மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைச் சுருளைத் தகரக் காலில் குத்தி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுப்போம். காலையில் பார்த்தால் சாம்பல் சில இடங்களில் சுருளின் வளைவு மாறாமல் அப்படியே கிடக்கும். விரல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். அந்தச் சாம்பலின் ஒரு முனை இரவு பத்து மணி, மறுமுனை விடியற்காலை. ஓர் இரவின் நீளத்தை இதைவிட நேராகக் காட்டும் பொருள் நம் வீட்டில் வேறு இல்லை. எத்தனையோ ஆண்டுகள் அதைக் கூட்டித் தள்ளிய எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

கண்காட்சியோடு அவர்கள் ஒரு நீண்ட அறிக்கையும் வெளியிட்டார்கள். மேற்கத்தியக் கலை பொருளை வடிவமாகப் பார்க்கிறது, ஆசியப் பார்வை அதை நிகழ்வாகப் பார்க்கிறது என்பது அதன் சாரம். ஜென்னும் தாவோவும் அதில் நிறைய வரும். நாற்காலி என்றால் நான்கு காலும் முதுகும் மட்டும் அல்ல, அதில் நடந்து முடிந்த உட்காரல்களும் சேர்த்துத்தான். இந்தக் கிழக்கு, மேற்குப் பிரிவினை எனக்குக் கொஞ்சம் செயற்கையாகத்தான் படுகிறது. டுஷாம்ப் கிழக்கில் பிறந்தவர் அல்லவே. ஆனாலும் நிகழ்வாகப் பார்ப்பது என்ற சொல் கூண்டுக்கும் கொசுவத்திக்கும் சாவி மாதிரிப் பொருந்துகிறது.

அந்த அறிக்கையை எல்லாரும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளவில்லை. திறப்பு விழாவின்போதே சாலே பென் ஜோனேட் என்ற கவிஞர் கூடத்தின் மூலைக்குப் போய் அந்த அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்தார். குடித்துவிட்டு ஆடிய ஆட்டம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, அடுத்த ஆண்டு "டேவான் சாஸ்த்ரா" இதழில் பியாடாசாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதித் தம் செயலுக்கு விளக்கமும் தந்தார். சிறுநீர்த் தொட்டியில் தொடங்கிய கலைக்குக் கோலாலம்பூரில் கிடைத்த விமர்சனம் அது. கருத்தைக் கருத்தால் எதிர்ப்பது என்றால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் முயல வேண்டாம்.

பியாடாசா அதோடு நிற்கவில்லை. 1978இல் "நுழைவாயில்கள்" என்று பொருள்படும் தலைப்பில் ஒன்று செய்தார். சியா யூ சியான் என்ற மலேசிய ஓவியர் 1958இல் வரைந்த ஓர் ஆற்றங்கரை ஓவியத்தை அப்படியே எடுத்துத் தம் பலகையில் பொருத்தினார். கீழே பெரிய அச்செழுத்தில் ஒரு வாக்கியம்: கலைப்படைப்புகள் காலத்தில் இருப்பதில்லை, அவற்றுக்கு நுழைவாயில்கள்தாம் உண்டு என்று. வரைந்தவர் ஒருவர், படைப்பு இன்னொருவருடையது. இது தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்த 1974 கண்காட்சிக்கு ஓராண்டு முன்னால், 1973இல், பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், டாமன்சாராவில் நிலம் பாழாவதைக் காட்ட அங்கே எடுத்த புகைப்படங்களையும் பொறுக்கிய கழிவுகளையும் காட்சிக்கு வைத்துத் தேசியக் கலைக்கூடத்தின் போட்டியில் பரிசு பெற்றிருந்தார். நம் பேச்சில் அவர் பெயர் அடிக்கடி வருவதில்லை. வர வேண்டும்.

எல்லாமே கருத்துக்கலை அல்ல

புதிதாகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், புரியாத எல்லாவற்றையும் இந்தப் பெயரில் போட்டுவிடுவதுண்டு. அறையை நிறைத்துப் பொருள்களை அடுக்கினால் அது நிறுவல் கலை. அதில் கைவேலை மிக முக்கியமாக இருக்கலாம். அனுரேந்திரா ஜெகதேவா "மணவறை" என்றே பெயரிட்டு, நம் கல்யாண மேடையை ஓவியங்களோடு நிறுவலாகச் செய்தார். அதில் அவர் தூரிகை இல்லாவிட்டால் படைப்பே இல்லை. (2019இல் வெனிஸ் பியனாலே கண்காட்சியில் மலேசியா முதன்முதலாகத் தனி அரங்கு அமைத்தபோது பங்கேற்ற நான்கு கலைஞர்களில் அவரும் ஒருவர்.) பினாங்கில் லெபு ஆர்மேனியனில் சைக்கிளில் போகும் இரு பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, லித்துவேனியரான எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தது, அதில் உண்மைச் சைக்கிள் ஒன்றும் சுவரோடு நிற்கும். பொருள் இருக்கிறது என்பதற்காக அது கருத்துக்கலை ஆகிவிடாது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை வேறு யாராவது சொன்ன குறிப்பைப் பார்த்து வரைந்தால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

சோதனை எளிது. இதை வேறொருவர் கை மறுபடி செய்தால் அதே படைப்பாக இருக்குமா? ஆம் என்றால் அங்கே எண்ணம்தான் முதலாளி.

போகும்போது கவனிக்க வேண்டியது

விவரச் சீட்டைத்தான். பொருளுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒட்டியிருக்கும். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதனால் செய்தது, அளவு, யாருடைய சேகரிப்பு. ஓவியத்தில் அதைப் படிக்காமல் நகர்ந்தாலும் பாதகமில்லை. கருத்துக்கலையில் அந்தச் சீட்டு படைப்பின் பாதி, கூண்டின் விஷயத்தில் முக்கால். "அளவு: இடத்துக்கேற்ப மாறும்" என்று போட்டிருந்தால், பொருள் நிலையானது அல்ல, குறிப்பு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். நான் முதலில் பொருளை ஒரு நிமிடம் பார்ப்பேன், பிறகு சீட்டு, மறுபடி பொருள். அந்த இரண்டாவது பார்வையில் எதுவுமே மாறவில்லை என்றால் தயங்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். புரியவில்லையே என்று தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. எண்ணம் மெலிந்த கருத்துக்கலை நிறையவே இருக்கிறது.

இடங்களுக்குக் குறைவில்லை. தேசியக் கலைக்கூடம் 1958இல், சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே தொடங்கியது. இப்போது ஜாலான் தெமெர்லோவில், இஸ்தானா புடாயாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜாலான் பிஞ்சாயில் இல்ஹாம் கேலரி 2015இலிருந்து இயங்குகிறது, நுழைவு இலவசம், ஆம்பாங் பார்க் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். கம்போங் ஆத்தாப்பில் பழைய கடைவீட்டு வரிசையான சோங்ஷான் கட்டடம். பினாங்கில், பஸ் பணிமனையாக இருந்து 2014இல் கலைவெளியாக மாறிய ஹின் பஸ் டிப்போ. விற்பனைக் கேலரிகளுக்குள் வாங்காமலும் நுழையலாம், டிக்கெட் கிடையாது, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் அது விற்றாயிற்று.

அம்மாவை அப்படி ஒரு கேலரிக்கு அழைத்துப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட் பக்கம், கந்தசாமி கோயிலில் வெள்ளிக்கிழமை தரிசனம் முடித்து, நெற்றியில் திருநீற்றோடு. சிவப்புப் பொட்டுகளை எண்ணினார். விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது, கைப்பேசியில் அந்தக் கூண்டின் படத்தைக் காட்டித் தலைப்பைத் தமிழில் சொன்னேன். வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்தவர், இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"மணியெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார்கள், சரி. என்ன பறவை அது?"

தலைப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். கிழமை இருக்கிறது, தேதி இருக்கிறது, நிமிடம் இருக்கிறது. பறவையின் பெயர் இல்லை.

"மைனாவாகத்தான் இருக்கும்" என்றார் அம்மா, தேநீரை ஆற்றிக்கொண்டே.